ஷெல்டர்ட்: ‘பாதுகாக்கப்பட்ட’ என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் மாலை வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு நாள் ‘ஷெல்டர்ட்’ (sheltered) என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதச் சொன்னேன். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பெடியன் மளமளவென்று எழுதிக் காட்டினான்: ‘மை மனி இஸ் ஷெல்டர்ட் இன் த பேங்க்.’ என் காசு வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்பது அவன் சொல்ல வந்தது. ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் அதை வாசித்தால், பெடியன் வரிக்குப் பயந்து காசை எங்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான் போல என்று நினைப்பார். சிரித்துவிட்டு அவனுடைய கொப்பியை வாங்கிப் புரட்டினேன். சொற்பட்டியலில், அழகான கையெழுத்தில், ‘ஷெல்டர்ட் – பாதுகாக்கப்பட்ட’ என்று இருந்தது. எழுதிப் போட்டது நான்தான்.

அகராதியில் முதலில் கிடைக்கும் தமிழ் அதுதான். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதி இடத்தில் கால் சறுக்கும். அதனால் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை தேடுகிறவர்களுக்கும் உதவும்.

படி 1: மதிலை நினையுங்கள், காவல்காரனை அல்ல

காற்றோ மழையோ வெயிலோ அலையோ ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது: குன்று, மதில், மரம், கூரை. அதன் மறைவில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த மறைவில் இருக்கும் நிலைதான் ‘ஷெல்டர்ட்’. பொலிஸ்காரர் வாசலில் நின்றால் நீங்கள் ‘புரொடெக்டட்’. தகரக் கூரை மேலே இருந்தால் ‘ஷெல்டர்ட்’.

இதற்குப் பொருத்தமான தமிழ் நம் வாயிலேயே இருக்கிறது. ‘மழைக்கு ஒதுங்கினேன்’, ‘காற்றுக்கு ஒதுக்கான இடம்’ என்கிறோமே, அதேதான். சொல்லை எங்கே கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கு ஒதுக்கு? எது மறைக்கிறது? மறைவில் இருப்பது யார் அல்லது எது? மூன்றுக்கும் பதில் வந்தால் சொல் சரியான இடத்தில் இருக்கிறது. வங்கியில் உள்ள காசுக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. எதற்கு ஒதுக்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் வராது. அதுதான் பெடியனின் வசனத்தில் உள்ள கோளாறு.

ஒதுங்கு என்ற சொல்லை இன்னொரு காரணத்துக்காகவும் பிடித்து வைத்திருங்கள். மழைக்கு ஒதுங்குகிறவனும் ஒதுங்குகிறான், ஊர் உலகத்தோடு ஒட்டாமல் வாழ்கிறவனும் ஒதுங்கி இருக்கிறான். ஆங்கிலச் சொல்லுக்கும் இந்த இரண்டு முகமும் உண்டு. இரண்டாவது முகத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: துறைமுகத்தைப் பார்த்துப் படியுங்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைப் புத்தகத்தில் படிப்பது வீண்வேலை. மார்கழியில் வாடைக்காற்று ஏறிய ஒரு நாளில் பிரடெரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள். சுவாமி மலை ஓரத்தில் தோளில் சால்வை நிற்காது. கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறும். காற்றுக்கும் கடலுக்கும் நேரே முகம் கொடுத்து நிற்கும் அப்படிப்பட்ட இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘எக்ஸ்போஸ்ட்’ என்று பெயர். பிறகு இறங்கி உள்துறைமுகப் பக்கம் வாருங்கள். அதே நாள், அதே காற்று. தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். அது ‘ஷெல்டர்ட்’. இரண்டு சொல்லையும் சோடியாகப் படித்தால் மறக்காது.

இப்போது வசனத்துக்கு வருவோம். ‘த இன்னர் ஹார்பர் இஸ் ஷெல்டர்ட் ஃப்ரம் த விண்ட் பை த ஹில்ஸ்.’ குன்றுகளின் மறைவால் உள்துறைமுகத்தில் காற்று அடிப்பதில்லை. எதற்கு ஒதுக்கு என்பதோடு ‘ஃப்ரம்’ வருகிறது. எது மறைக்கிறது என்பதோடு ‘பை’ வருகிறது. பரீட்சையில் இடைவெளி நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள். இரண்டும் எப்போதும் வரவேண்டும் என்றில்லை. ‘எ ஷெல்டர்ட் பீச்’ என்று வெறுமனே சொன்னாலே போதும், காற்று என்பது தானாகவே புரியும்.

இந்த ஒதுக்குக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் இங்கே அடிபட்டார்கள். சோழமண்டலக் கரையில், சென்னையாகட்டும் நாகப்பட்டினமாகட்டும், வாடைக்காலத்தில் பெரிய பாய்க்கப்பல்கள் நிம்மதியாகத் தங்க ஒரு துறைமுகம் அப்போது இல்லை. கரைக்கு வெளியே, திறந்த கடலில் நங்கூரம் போட வேண்டும். அந்த மாதிரி இடத்தை ‘ஓப்பன் ரோட்ஸ்டெட்’ என்பார்கள். ஐப்பசி நெருங்கும்போதே ஆங்கிலேயக் கடற்படை பம்பாய்க்குச் சுற்றிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. இந்தப் பக்கத்திலேயே ஒதுங்க ஓர் இடம் இருந்தால் எவ்வளவு வசதி? 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அது பிறகு டச்சுக்காரர் கைக்குத் திரும்பி, 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் போனது. மலிந்த சரக்குக்கு யாரும் இப்படி ஓடி ஓடி வரமாட்டார்கள்.

அதே துறைமுகத்தை 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டுத் தாக்கின. குன்று காற்றைத்தான் மறைக்கும், ஆகாயத்தை மறைக்காது. ‘ஷெல்டர்ட்’ என்பதற்கும் ‘சேஃப்’ என்பதற்கும் உள்ள தூரத்தை வகுப்பில் இதை வைத்துத்தான் விளக்குகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒதுக்காக இருக்கும் இடம் இன்னொரு பக்கத்துக்குத் திறந்து கிடக்கலாம். ‘சேஃப்’ என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் ஆபத்து இல்லை என்ற எண்ணம்.

சொல் வரலாற்றில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் கொசுறு. ‘ஹார்பர்’ என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் படை ஒதுங்கும் இடம் என்ற பொருளில் தொடங்கியது. கப்பலுக்கு என்று ஆனது பிறகுதான். அதேபோல் காற்று படாத பக்கத்துக்குக் கடலோடிகள் ‘லீ’ என்பார்கள். அதற்கும் பழைய பொருள் ஒதுக்கு என்பதே. ஆங்கிலத்தில் நம்மூர்ப் பெயரை ‘ட்ரிங்கோமலீ’ என்று எழுதும்போது கடைசியில் அந்த ‘லீ’ வந்து உட்காருவது தற்செயல். அது நம்முடைய மலையின் வால்தான். ஆனாலும் ஊருக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

படி 3: உச்சரிப்பும் எழுத்தும்

அழுத்தம் ‘ஷெல்’ என்ற முதல் அசையில். அதன் பிறகு வருவது மெலிந்து போகும். ‘ஷெல்டரெட்’ என்று மூன்றாக இழுக்காதீர்கள், இரண்டு அசைதான். பிரித்தானியர் வாயில் ‘ர்’ கேட்கவே கேட்காது, ‘ஷெல்டட்’ என்பது போல விழும். அமெரிக்கர் ‘ர்’ சொல்வார்கள்.

எழுதும்போது ‘ஆர்’ எழுத்தை இரட்டிக்கக் கூடாது. ‘ப்ரிஃபர்’ என்பதற்கு இறந்தகாலத்தில் இரட்டை ‘ஆர்’ வருகிறதே என்று கேட்பார்கள். அங்கே அழுத்தம் கடைசி அசையில் இருக்கிறது, அதனால் இரட்டிக்கிறது. ‘ஷெல்டர்’, ‘என்டர்’, ‘ஒஃபர்’ மூன்றிலும் அழுத்தம் முதலில், அதனால் ஒற்றை.

ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது இது: “சேர், ஷெல் அடிக்கேக்க ஒளியிற இடம் எண்டபடியாத்தான் ஷெல்டர் எண்டு பேர் வந்ததோ?” பங்கருக்குள் பகல் இரவைக் கழித்த பெற்றோரின் பிள்ளை. இந்த ஊரில் ‘ஷெல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது சோகி சிப்பி அல்ல, எறிகணைக் குண்டு. இல்லை பிள்ளை, ஷெல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். ‘ஷெல்டர்’ 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டிய சொல். கேடயங்களை நெருக்கிப் பிடித்து அணிவகுத்து நிற்கும் படையைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து அது திரிந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். ஊகம் என்றாலும், குண்டுக்கு ஒளியும் இடத்தை ‘எயார்-ரெய்ட் ஷெல்டர்’ என்றே சொல்வதால், அந்தப் பிள்ளையின் கணக்கும் முழுக்கப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படி 4: ‘ஷெல்டர்’ தனியே வரும்போது

அடிச்சொல்லைக் கையாளத் தெரியாமல் ‘ஷெல்டர்ட்’ கைக்கு வராது.

‘ஷெல்டர்’ பெயர்ச்சொல்லாக வரும்போது முன்னால் ‘எ’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘வீ நீட் ஷெல்டர்’ என்றால் ஒதுங்க எங்காவது இடம் வேண்டும், எதுவானாலும் சரி. ‘வீ நீட் எ ஷெல்டர்’ என்றால் கூரையும் தூணும் உள்ள ஒரு கட்டடமோ கொட்டிலோ வேண்டும். உணவு, உடை, உறையுள் என்று நாம் அடுக்குவதை ஆங்கிலத்தில் ‘ஃபூட், க்ளோதிங் அண்ட் ஷெல்டர்’ என்பார்கள். அங்கே ‘எ’ வராது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தச் சொல் நம்மூரில் தமிழாகவே ஆகிவிட்டது. கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்குப் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய தற்காலிக வீடுகளை ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத ஆச்சிமார்கூட ‘ஷெல்டர்’ என்றுதான் சொன்னார்கள். நிவாரண நிறுவனங்களின் பாஷையில் அது ஒரு துறையின் பெயர். ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேட்டின் அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்தால் 17.5 சதுர மீட்டர், நம் வீட்டு விறாந்தை அளவு. அதற்குள் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். ‘ஷெல்டர்’ என்பது ‘ஹோம்’ என்பதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் காட்டாது.

வினையாகவும் வரும். ‘டேக் ஷெல்டர்’, ‘ரன் ஃபோர் ஷெல்டர்’, ‘சீக் ஷெல்டர்’ என்று இன்னொரு வினையோடு வந்தால் அது இன்னும் பெயர்ச்சொல்தான், ‘வீ ஷெல்டர்ட் அண்டர் எ ட்ரீ’ என்று தானாக வந்தால்தான் வினை. இங்கேதான் எங்கள் பிள்ளைகள் ஒரு தேவையில்லாத ‘வேர்’ போடுவார்கள். ‘வீ வேர் ஷெல்டர்ட் அண்டர் எ ட்ரீ’ என்று எழுதினால், உங்களை யாரோ கூட்டிக்கொண்டுபோய் மரத்தடியில் ஒதுக்கிவிட்டது போல இருக்கும். நீங்களாக ஒதுங்கினால் ‘வேர்’ வேண்டாம்.

கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களை வைத்து இதைச் சொன்னேன். மழை பிடித்தால் அவை நகருக்குள் கடை வாசல்களில் வந்து நிற்கும், ஆட்களுக்குப் பக்கத்தில், ஆட்களைப் போலவே வானத்தைப் பார்த்துக்கொண்டு. ‘த டீர் ஷெல்டர்ட் அண்டர் த ஈவ்ஸ்.’ மான்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கின. இதே மான்களைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் ‘த டீர் ஆர் புரொடெக்டட் பை லோ’ என்றும் எழுதலாம். ஒரே மான்தான். கூரைக்கு ஒரு சொல், சட்டத்துக்கு ஒரு சொல்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று நாம் திட்டுகிறோமே, அதை ஆங்கிலமாக்கச் சொன்னால் பிள்ளைகள் குதூகலமாகிவிடுவார்கள். ‘ஹீ ஹாஸ் நெவர் டேக்கன் ஷெல்டர் இன் எ ஸ்கூல், ஈவன் ஃப்ரம் த ரெய்ன்.’ இலக்கணம் சரி. ஆங்கிலேயருக்கு விளங்காது, அவர்களிடம் இந்தத் திட்டு இல்லை. பயிற்சிக்கு நல்லது, கடிதத்தில் போடாதீர்கள்.

இன்னொன்று. நாம் ‘பஸ் ஹோல்ட்’ என்று சொல்வது பஸ் நிற்கும் இடம். அங்கே கூரையும் வாங்கும் இருந்தால்தான் பிரித்தானியர் ‘பஸ் ஷெல்டர்’ என்பார்கள். வெறும் கம்பத்தைக் காட்டி ‘ஷெல்டர்’ என்றால் சிரிப்பார்கள்.

படி 5: மனிதர்கள்மேல் இந்தச் சொல் விழும்போது

கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

‘எ ஷெல்டர்ட் சைல்ட்ஹுட்’, ‘எ ஷெல்டர்ட் லைஃப்’, ‘எ ஷெல்டர்ட் அப்ரிங்கிங்’. ‘பாதுகாக்கப்பட்ட குழந்தைப்பருவம்’ என்று நேராக மொழிபெயர்த்தால் பாராட்டு மாதிரித் தெரியும். ஆங்கிலத்தில் அது பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. வெயில் படாமல், சண்டை பார்க்காமல், தனியே பஸ் ஏறாமல், வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் மட்டும் தெரிந்து வளர்ந்த பிள்ளை. அன்பும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இரண்டில் எது தூக்கலாகத் தெரியும் என்பது சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது. ‘ஓவர்லி ஷெல்டர்ட்’ என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துவிட்டால் குறைதான், சந்தேகமே வேண்டாம்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்கு விண்ணப்பித்தாள். தன்னைப் பற்றி எழுதும் பகுதியில், நல்ல ஒழுக்கமான குடும்பத்தில் பாதுகாப்பாக வளர்ந்தேன் என்பதைச் சொல்ல, ‘ஐ ஹேட் எ வெரி ஷெல்டர்ட் லைஃப்’ என்று போட்டிருந்தாள். நேர்முகத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இரவு வேலை, வெளிநாட்டு ஆட்கள், கோபக்கார விருந்தினர், இதையெல்லாம் சமாளிப்பீர்களா என்பது. அவளுக்கு ஏன் இப்படித் தொடங்குகிறார்கள் என்றே விளங்கவில்லை. உலகம் தெரியாது என்று அவளே எழுத்தில் கொடுத்திருக்கிறாள். நல்லவேளை, நேரில் பேசியதில் சமாளித்துவிட்டாள். விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருந்தது ‘ஐ கேம் ஃப்ரம் எ ஸ்டேபிள், சப்போர்ட்டிவ் ஃபேமிலி’ என்பது போன்ற ஒன்று. அந்த விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததும் நான்தான். கமாக்களைத் திருத்தினேன், சொல்லை விட்டுவிட்டேன்.

இதே தொடர் விளையாட்டாகவும் வரும். உப்புவெளியில் விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

“சேர், ஒரு வெள்ளைக்காரன் எனக்கு உலகம் தெரியாதெண்டு சொல்லிப்போட்டான்.”

“என்ன நடந்தது தம்பி?”

“பனி கொட்டுறதைப் பார்த்திருக்கிறியா எண்டு கேட்டான். இல்லை எண்டன். ‘யூ ஹாவ் லெட் எ ஷெல்டர்ட் லைஃப்’ எண்டுட்டுச் சிரிக்கிறான்.”

அது பிரித்தானியரின் வாடிக்கையான கேலி. நாம் ‘இதுகூடத் தெரியாமலா இவ்வளவு நாள் இருந்தாய்?’ என்று சொல்வோமே, அவ்வளவுதான். ஒரு படம் பார்க்கவில்லை, ஒரு சாப்பாடு சாப்பிடவில்லை என்றால்கூடச் சொல்வார்கள். திருப்பி அடிக்க வழியும் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ஒடியல் கூழ் தெரியுமா என்று கேள், தெரியாது என்றால் அதே வசனத்தை அவருக்கே சொல்.

தன்னைப் பற்றித் தானே சொன்னால் இது அடக்கம். அடுத்தவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொன்னால், நெருக்கம் இருந்தால் கேலி, இல்லாவிட்டால் குத்து. எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது என்பதால், மின்னஞ்சலில் பிறரைப் பற்றி இந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் விடுவது நல்லது.

ஏன் ஒரே சொல் இடத்துக்கு நல்லதாகவும் ஆளுக்குக் குறையாகவும் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மதிலை மறுபடி நினையுங்கள். அது காற்றை மறைக்கும்போது வெளியையும் சேர்த்து மறைக்கிறது. படகுக்கு வெளியைப் பார்க்கத் தேவையில்லை.

படி 6: அலுவலகக் கடிதங்களில் வரும் கூட்டுச்சொற்கள்

எங்கள் தெருவில் ஒரு மாமி ஒரு நாள் அழுதுகொண்டு வந்தார். லண்டனில் இருக்கும் அவருடைய தமையனை ‘ஷெல்டர்ட் ஹவுசிங்’கிற்கு மாற்றிவிட்டார்களாம். “தம்பி, அண்ணாவை இந்த வயசில அகதி முகாமில போட்டிட்டாங்கள்.” சுனாமிக்குப் பிறகு பார்த்த தகரக் கொட்டில்கள் அவர் கண்ணில் வந்திருக்கும். உண்மையில் அது வயது போனவர்கள் தனித்து வாழ்வதற்கென்று கட்டிய சின்னச் சின்ன வீடுகளின் தொகுதி. ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, சொந்தச் சமையலறை. விழுந்துவிட்டால் இழுக்க ஒரு அலாரக் கயிறு, விசாரித்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர், கூடிப் பேச ஒரு பொது மண்டபம். குளிப்பாட்டி உணவூட்டிப் பார்க்கும் முதியோர் இல்லம் வேறு, அது ‘கெயர் ஹோம்’. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே அண்ணாவுக்கு யார் சமைக்கிறார்கள் என்று அடுத்த கவலைக்குப் போனார்.

‘ஷெல்டர்ட் வேர்க்‌ஷொப்’ என்பது மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக நடத்தும் வேலைக்கூடம். வெளிச் சந்தையின் போட்டிக்கு ஒதுக்காக இருப்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் ஒன்றின்கீழ் இப்படிப்பட்ட இடங்களில் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்க அனுமதி இருந்ததால், இன்று அந்தச் சொல்லை அங்கே பலர் முகம் சுளித்துத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்கச் செய்திகளில் வீடற்றவர்கள் கணக்கெடுப்பு வரும்போது ‘ஷெல்டர்ட்’, ‘அன்ஷெல்டர்ட்’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். முதலாவது, அன்றிரவு ஏதாவது காப்பகத்தில் படுத்தவர்கள். இரண்டாவது, தெருவிலோ காருக்குள்ளோ படுத்தவர்கள். ‘பாதுகாக்கப்பட்ட வீடற்றவர்கள்’ என்று மொழிபெயர்த்தால் அபத்தமாகிவிடும். தலைக்கு மேல் கூரை இருந்தது, அவ்வளவுதான்.

‘ஷெல்டர்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ ஆசிரியர்களுக்கு வேண்டிய சொல். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்கு விஞ்ஞானம், வரலாறு போன்ற பாடத்தை எளிய ஆங்கிலத்தில், படம் காட்டி, செய்து காட்டிக் கற்பிக்கும் முறை.

காசு விஷயத்தில் ‘டாக்ஸ் ஷெல்டர்’ என்பது வரிக்கு ஒதுக்காக வருமானத்தை வைக்கும் ஏற்பாடு. எல்லாம் கள்ள வேலை இல்லை. அமெரிக்கப் பள்ளிக்கூட ஆசிரியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு ஒன்றுக்கே ‘டாக்ஸ்-ஷெல்டர்ட் அனுயிட்டி’ என்று பெயர். ஆனால் செய்தித்தாளில் தனியே ‘டாக்ஸ் ஷெல்டர்’ என்று வந்தால் பெரும்பாலும் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘டாக்ஸ் ஹேவன்’ என்பது வரி குறைந்த நாடு. அந்த ‘ஹேவன்’ என்பதற்கும் பழைய பொருள் துறைமுகம்தான்.

படி 7: பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘புரொடெக்டட்’ அகலமான சொல். சட்டம், ஆள், ஊசி, கண்ணாடி, எது காத்தாலும் போடலாம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது, அதனால் அது ‘புரொடெக்டட் ஏரியா’. அங்கே போகும் வழியில் படகு ஆடுவதைப் பார்த்தால் ‘ஷெல்டர்ட்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். சந்தேகம் வந்தால் ‘புரொடெக்டட்’ போடுங்கள், பெரும்பாலும் தப்பாது.

‘செக்யூர்’ பூட்டுப் போட்டது, அசையாதது. கதவு, கடவுச்சொல், வேலை. ‘இம்யூன்’ நோயோ சட்டமோ உள்ளே புகமுடியாத உடம்பு அல்லது பதவி. ‘கார்டட்’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது: ‘எ கார்டட் ரிப்ளை’ என்றால் காவல் போட்ட பதில் இல்லை, வாயைக் கொடுத்து மாட்டாமல் அளந்து சொன்ன பதில்.

‘ஷீல்டட்’ ஷெல்டர்டுக்குக் கிட்டத்து உறவு, ஆனால் குறிவைத்து வருவதைத் தடுப்பது. கொரோனாக் காலத்தில் இந்த இரண்டும் இரண்டு நாட்டில் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்தன. 2020 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘ஷெல்டர் இன் பிளேஸ்’ என்று உத்தரவு போட்டார்கள், இருக்கிற இடத்திலேயே ஒதுங்கி இருங்கள் என்று. பிரித்தானியாவில் தொற்றினால் பெரிய ஆபத்து வரக்கூடியவர்களை மட்டும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கச் சொல்லி அதற்கு ‘ஷீல்டிங்’ என்று பெயர் வைத்தார்கள். நாம் இரண்டையும் ‘லொக்டவுன்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

‘ஹார்பர்’ வினையாக வந்தால் வாடை வேறு. ‘ஷெல்டர் எ ரெஃப்யூஜி’ என்றால் அகதிக்கு அடைக்கலம் கொடுப்பது. ‘ஹார்பர் எ கிரிமினல்’ என்றால் குற்றவாளியை ஒளித்து வைப்பது, பொலிஸ் தேடி வரும். மனதுக்குள் வன்மம் வைத்திருப்பதற்கும் ‘ஹார்பர்’தான்.

படி 8: பயிற்சி

கொப்பியில் பத்து வசனம் எழுதச் சொல்வது எனக்குப் பிடிக்காது. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒதுக்கான மூன்று இடத்தையும் திறந்து கிடக்கும் மூன்று இடத்தையும் குறித்துக்கொண்டு வரச் சொல்வேன். கோழி எங்கே படுக்கிறது, வளவில் எந்தப் பக்க வாழை கச்சான் காற்றில் கிழிகிறது, எந்தப் பக்கம் கிழியாமல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஃப்ரம்’, ஒரு ‘பை’. ஆறு வசனம் தன்னால் வந்துவிடும், பிறகு மறக்காது.

கிண்ணியாப் பெடியன் அடுத்த கிழமை கொண்டுவந்தது இது: ‘மை ஃபாதர்ஸ் போட் இஸ் ஷெல்டர்ட் பை எ வோல்.’ எதற்கு ஒதுக்கு என்று கேட்டேன்.

“வாடைக்கு சேர். மதில் இல்லாட்டி வாப்பாட போட் புரண்டிரும்.”

‘ஃப்ரம் த நோர்த்-ஈஸ்ட் விண்ட்’ என்று சேர்த்துச் சரி போட்டேன். பழைய பக்கத்தைத் திருப்பி, வங்கி வசனத்தில் ‘ஷெல்டர்ட்’ஐ வெட்டி ‘சேஃப்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“உண்மையில எனக்கு பேங்க்ல காசே இல்ல சேர்.”